இங்கிலாந்தில் போலீஸ் பட்ஜெட்டை வெட்டியபோது எது முதலில் காணாமல் போனது?

2015 மே மாதம், இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள போர்ன்மவுத் நகரில், காவலர்களின் சங்கமான போலீஸ் சம்மேளனத்தின் ஆண்டு மாநாடு நடந்தது. அப்போதைய உள்துறை அமைச்சர் தெரசா மே மேடையில் இருந்தார். மான்செஸ்டரில் ஒரே பகுதியில் பல ஆண்டுகள் ரோந்து போய், அந்த மக்களின் நம்பிக்கையைப் பெற்று, சிறந்த சமூகக் காவலர் என்று விருதும் வாங்கிய ஒருவர் எழுந்து பேசினார். ஆட்குறைப்பைத் தாங்க முடியாமல் அந்தப் பணியை விட்டுவிட்டேன், தெருவில் நின்று நாங்கள் சேகரித்த தகவல்கள் வற்றிப்போய்விட்டன, இது தேசப் பாதுகாப்பையே பாதிக்கும் என்றார். அமைச்சர் தன் உரையில் இந்த மாதிரி எச்சரிக்கைகளை மொத்தமாகத் தள்ளிவிட்டார். குற்றங்கள் குறைந்துகொண்டிருக்கும்போது 'புலி வருது, புலி வருது' என்று மக்களைப் பயமுறுத்தாதீர்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அந்த ஐந்து ஆண்டுகளில் பிரிட்டனில் மொத்தக் குற்றங்கள் நிஜமாகவே குறைந்தன. வீடு வீடாகப் போய்க் கேட்கும் குற்றக் கணக்கெடுப்பின்படி, 1990-களின் நடுவில் உச்சத்தில் இருந்த குற்றங்கள், இணைய மோசடியைக் கணக்கில் எடுக்காவிட்டால், தொடர்ந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தன. பட்ஜெட்டை வெட்டிய பிறகும் அது நிற்கவில்லை. போலீஸுக்குப் பணத்தைக் குறைத்தால் மறுநாளே ஊர் பற்றி எரியும் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். குற்றம் ஏறவில்லை, அதனால் வெட்டு யாரையும் பாதிக்கவில்லை என்று சொல்பவர்கள் அதற்கு அடுத்த ஐந்து ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெட்டு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அரசின் கடன் எகிறியது. 2010 அக்டோபரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் செலவுக் குறைப்புத் திட்டத்தை அறிவித்தார். அதில் மத்திய அரசு போலீஸுக்குத் தரும் நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், நான்கு ஆண்டுகளில் 20% குறையும் என்று இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் எச்.எம்.ஐ.சி. என்ற காவல்துறை ஆய்வு அமைப்பு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தது. நிர்வாகத்தைச் சீர் செய்தால், மக்களுக்குத் தெரியும் சேவையைத் தொடாமல், அதிகபட்சம் 12% மிச்சப்படுத்தலாம் என்றது அந்தக் கணக்கு. மீதி 8% எங்கிருந்து வரும் என்பதற்கு அன்றைக்கு யாரிடமும் தெளிவான பதில் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். நம் ஊரில் போலீஸ் மாநில அரசின் துறை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படி இல்லை, 43 தனித்தனிக் காவல் படைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பணம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று உள்துறை தரும் மானியம். இன்னொன்று வீட்டு வரியோடு சேர்த்து அந்தந்தப் பகுதி மக்களிடம் வசூலிக்கும் தொகை. வசதியானவர்கள் வாழும் சர்ரே போன்ற இடங்களில் செலவில் பெரும் பங்கு வீட்டு வரியிலிருந்தே கிடைத்துவிடும். நியூகாசிலை உள்ளடக்கிய நார்தம்ப்ரியாவிலும் பர்மிங்ஹாமை உள்ளடக்கிய மேற்கு மிட்லாண்ட்ஸிலும் வீடுகளின் மதிப்பு குறைவு, ஆகவே அவை மானியத்தையே நம்பியிருந்தன. வெட்டியது மானியத்தைத்தான். 2018 வரையான எட்டு ஆண்டுகளில் சர்ரே காவல் படையின் மொத்த நிதி சுமார் 11% குறைந்தபோது, நார்தம்ப்ரியாவுக்கும் மேற்கு மிட்லாண்ட்ஸுக்கும் ஏறக்குறைய கால்வாசி போனது. குற்றம் அதிகமான, ஏழைகள் அதிகமான ஊர்களுக்கே அடி பலமாக விழுந்தது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சூத்திரம் அப்படி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. 2015-இல் அதைத் திருத்தப் பார்த்தார்கள். உள்துறையே தவறான புள்ளிவிவரத்தைப் போட்டுக் கணக்கிட்டது வெளியே வந்து, காவல்துறைக்குப் பொறுப்பான இணையமைச்சர் மன்னிப்புக் கேட்டு, அந்த முயற்சி அப்படியே கிடப்பில் போனது.

உள்ளூரிலேயே வரியை ஏற்றிச் சமாளிக்கலாமே என்றால், அதற்கும் பூட்டு இருந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பெட்ஃபோர்ட்ஷயரில் 2015 மே 7-ஆம் தேதி, பொதுத்தேர்தல் நாளிலேயே, அந்த வாக்கெடுப்பை நடத்தினார்கள். நூறு காவலர்களைக் கூடுதலாக எடுக்க வரியை 15.8% ஏற்றலாமா என்று கேட்டதற்கு, பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். எல்லோருக்கும் போலீஸ் வேண்டும், ஆனால் ஏற்கெனவே கட்டும் வரியிலேயே வேண்டும். மக்களைக் குறை சொல்ல முடியாது, அந்த ஆண்டுகளில் சம்பளமும் ஏறவில்லை.

சரி, பணம் குறைந்தது. யாரை அனுப்புவது? பிரிட்டிஷ் சட்டப்படி காவல் அதிகாரி சாதாரண ஊழியர் அல்ல, கம்பெனியில் ஆட்குறைப்பு செய்வது போல அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே கையில் இருந்தவை மூன்று வழிகள். புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்துவது முதல் வழி. ஓய்வூதிய விதிகளில் ஏ19 என்று ஒரு பிரிவு இருந்தது. முப்பது ஆண்டு சர்வீஸ் முடித்தவர்களைக் கட்டாயமாக ஓய்வுக்கு அனுப்ப அது இடம் கொடுத்தது, சில படைகள் அதையும் பயன்படுத்தின. மூன்றாவது, சீருடை இல்லாத ஊழியர்களையும், தெருக்களில் நடந்து திரியும் சமூக ஆதரவு அலுவலர்களையும் குறைப்பது. 2010 மார்ச்சில் 1,43,734 ஆக இருந்த காவல் அதிகாரிகளின் எண்ணிக்கை 2018-இல் சுமார் 1,22,400 ஆனது, அதாவது 15% குறைவு. சமூக ஆதரவு அலுவலர்கள் 40% குறைந்தார்கள். அலுவலகம், தடயவியல், கட்டுப்பாட்டு அறை வேலைகளில் இருந்த சிவில் ஊழியர்களில் ஐந்தில் ஒருவர் போனார்.

இந்த மூன்று வழியையும் சேர்த்துப் பாருங்கள். மேலே இருந்து முப்பது ஆண்டு அனுபவம் வெளியே போகிறது. கீழே புதிய ரத்தம் வரவில்லை. இடையில் இருப்பவர்களின் கைக்கு, போன ஊழியர்களின் தாள் வேலையும் வந்து சேர்கிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு முதல் சில ஆண்டுகள் ஒன்றுமே தெரியாது. போன் செய்தால் வண்டி வருகிறது, காவலர் நிற்கிறார். 2011 ஆகஸ்டில் டாட்டன்ஹாமில் தொடங்கி லண்டன் முழுக்கப் பரவிய கலவரத்தின்போது, நாலாவது நாள் 16,000 காவலர்களை லண்டன் தெருக்களில் நிறுத்தினார்கள், கலவரம் அடங்கியது. அவர்களில் பலர் வேறு ஊர்ப் படைகளிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். ஆள்பலம் ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிட நேரடியான பாடம் கிடையாது, ஆனாலும் குறைப்பு அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

2014-க்குப் பிறகு வன்முறைப் புள்ளிவிவரங்கள் திரும்பின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கத்தி சம்பந்தப்பட்ட குற்றங்கள் ஐந்தே ஆண்டுகளில் சுமார் 80% உயர்ந்தன. பதிவு செய்யும் முறை மேம்பட்டதால்தான் எண் ஏறியது என்று முதலில் சொன்னார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. போலீஸ் பதிவில் ஐந்தில் ஒரு குற்றம் விடுபடுகிறது என்று 2014-இல் எச்.எம்.ஐ.சி.யே கண்டுபிடித்திருந்தது. ஆனால் கத்திக்குத்துக் காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேருபவர்களின் எண்ணிக்கையும் சேர்ந்து ஏறியது. ஆஸ்பத்திரிக் கணக்கு போலீஸின் பதிவு முறையைச் சார்ந்தது அல்லவே.

இதற்குக் காரணம் பட்ஜெட் வெட்டுதானா? 2018 ஏப்ரலில் அரசு வன்முறைத் தடுப்புத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அப்போது உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட். திட்டம் வெளிவந்த அன்றே உள்துறையின் உள்சுற்று அறிக்கை ஒன்று பத்திரிகையில் கசிந்தது. அதில் அதிகாரிகள் எழுதியிருந்ததன் பொருள் இது: வன்முறை திசை மாறியதைத் தொடங்கி வைத்தது ஆட்குறைப்பாக இருக்க வாய்ப்பில்லை, ஆனால் தொடங்கியது தொடர்ந்து ஏற அது இடம் கொடுத்திருக்கலாம். போலீஸ் மீதான நெருக்கடியால் கோர்ட் வரை போகும் வழக்குகள் குறைந்தன, அது குற்றவாளிகளுக்குத் துணிச்சல் கொடுத்திருக்கலாம் என்றும் அதில் இருந்தது. அந்த அறிக்கையைத் தான் பார்க்கவில்லை என்றார் அமைச்சர்.

இந்த விவகாரத்தில் நான் படித்தவற்றிலேயே நேர்மையான கணிப்பு அதுதான். வன்முறை ஏறியதற்குக் காரணங்கள் பல. கொக்கெய்ன், கிராக் சந்தை விரிந்தது. நகரத்துக் கும்பல்கள் சிறுவர்களை வைத்துச் சிறிய ஊர்களுக்குப் போதைப்பொருள் கடத்த ஆரம்பித்தன. சிக்கன நடவடிக்கையில் உள்ளாட்சிகள் இளைஞர் மையங்களை மூடின, அந்தச் செலவு பத்தாண்டுகளில் ஏறக்குறைய 70% சுருங்கியது. தெருவில் நிறுத்திச் சோதனை போடுவதும் 12 லட்சத்திலிருந்து 3 லட்சத்துக்கும் கீழே வந்தது. கறுப்பின இளைஞர்களைக் குறிவைத்து நடந்த சோதனைகள் குறைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக வர வேண்டிய, ஆளைப் பெயர் சொல்லி அறிந்த பீட் போலீஸும் அதே நேரத்தில் மறைந்துவிட்டது.

காவலர் எண்ணிக்கைக்கும் குற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதற்கு லண்டனிலேயே ஒரு சோதனை தற்செயலாக நடந்தது. 2005 ஜூலையில் சுரங்க ரயில்களிலும் பேருந்திலும் குண்டு வெடித்த பிறகு, ஆறு வாரங்கள் மத்திய லண்டனில் போலீஸ் இருப்பை 30%-க்கும் மேல் கூட்டினார்கள். பொருளியல் ஆய்வாளர்கள் அந்த வாரங்களைப் பிரித்து ஆராய்ந்தபோது, காவலர்கள் 10% கூடினால் குற்றம் 3 முதல் 4% வரை குறைகிறது என்று கண்டார்கள். கூடுதல் போலீஸ் விலகியதும் குற்றம் பழையபடி ஏறியது. நியூஜெர்சியின் கேம்டன் நகரம் 2011 ஜனவரியில் கிட்டத்தட்டப் பாதிப் போலீஸை ஒரே அடியாக வேலையை விட்டு அனுப்பியது. 2012-இல் அங்கே 67 கொலைகள் நடந்தன, மக்கள்தொகை வெறும் 77,000. மறுவருடம் பழைய படையைக் கலைத்துவிட்டு, கூடுதல் ஆட்களோடு புதிய படையை உருவாக்க வேண்டியிருந்தது.

ஸ்காட்லாந்து தனி ரகம். அங்கே தேர்தல் வாக்குறுதிப்படி அதிகாரிகளின் எண்ணிக்கையை 17,234-க்குக் கீழே போகவிடவில்லை. ஆனால் பணம் அங்கேயும் குறைந்தது. 2013 ஏப்ரலில் எட்டுப் படைகளை ஒன்றாக்கினார்கள். சிவில் ஊழியர்களைக் குறைத்து, கட்டுப்பாட்டு அறைகளை மூடி, அழைப்புகளைச் சில மையங்களுக்குத் திருப்பினார்கள். 2015 ஜூலை 5-ஆம் தேதி எம்9 நெடுஞ்சாலையோரச் சரிவில் ஒரு கார் கிடப்பதாக ஒருவர் போன் செய்தார். அழைப்பை எடுத்தவர் அனுபவமுள்ள அதிகாரி. ஆனால் அந்தத் தகவல் கணினியில் ஏறவில்லை. யாரும் போகவில்லை. மூன்று நாள் கழித்து வேறொருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் போலீஸ் அங்கே போனது. காரில் இருந்த இளைஞர் இறந்து கிடந்தார். உடனிருந்த பெண் உயிரோடு இருந்தார், சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்காட்லாந்து போலீஸ் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒரு லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. காவலர் எண்ணிக்கையைக் காப்பாற்றினோம் என்று அரசியல்வாதிகள் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கார்தான் நினைவுக்கு வரும். தொப்பி போட்டவர்களை மட்டும் எண்ணினால் போதாது. போனை எடுப்பவர், அதைப் பதிவு செய்யும் மென்பொருள், அவர் தவறவிட்டால் பிடித்துக்கொள்ள இன்னொருவர் என எல்லாம் சேர்ந்ததுதான் பொதுப் பாதுகாப்பு.

வெட்டின் அடி பலமாக விழுந்தது புலனாய்வில். தேசியத் தணிக்கை அலுவலகம் 2018 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், ஒரு குற்றத்துக்கு ஆளைப் பிடித்துக் குற்றம் சாட்ட ஆகும் நாட்கள் இரண்டு ஆண்டுகளில் 14-லிருந்து 18 ஆனதாகச் சொன்னது. கைதுகளும் குறைந்தன. 2015-இல் பதிவான குற்றங்களில் சுமார் 15% வழக்காகி நீதிமன்றம் போயின. 2022-இல் அது 6%-க்கும் கீழே இறங்கியது. 2017 மார்ச்சில் ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கை இன்னும் கடுமை. துப்பறியும் அதிகாரிகளின் பற்றாக்குறை தேசிய நெருக்கடி என்றது. தேடப்படும் 67,000 பேரின் விவரம் தேசியக் கணினியில் ஏற்றப்படவே இல்லை என்றும் சொன்னது. ஒரு ஊரில் தேடப்படுபவர் பக்கத்து ஊரில் வண்டியோடு மாட்டினாலும், சரி போங்கள் என்று விட்டுவிடுவார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் மாநகரப் போலீஸ் ஒரு விதியை அறிவித்தது. 50 பவுண்டுக்குக் குறைவான திருட்டோ சேதமோ நடந்து, செய்தவர் யாரென்று தெரியாவிட்டால், பொதுவாக விசாரிக்கப் போவதில்லை. சிசிடிவி காட்சியை இருபது நிமிடத்துக்கு மேல் தேடப் போவதுமில்லை. ஆள் இல்லாதபோது பெரிய குற்றத்துக்கு முதலிடம் கொடுப்பதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் கடையில் பால், இறைச்சி, மதுப்புட்டி எடுத்துக்கொண்டு நடப்பவனுக்கும் அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்தது. லண்டனில் மூலைக்கடையும் பெட்ரோல் நிலையமும் நடத்தும் ஈழத்தமிழர்கள் ஏராளம். கல்லாவுக்குப் பின்னால் நிற்பவருக்கு ஐம்பது பவுண்டு என்பது அன்றைய லாபம். 2024-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸ் பதிவு செய்த கடைத்திருட்டுகள் ஐந்து லட்சத்தைத் தாண்டின. இன்றைய பதிவு முறை வந்த பிறகு அதுவரை அதுவே உச்சம். வீடு புகுந்து திருடினால் போலீஸ் கட்டாயம் நேரில் வரும் என்று 2022-இல் காவல் தலைமைகள் சேர்ந்து உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. ஆசியக் குடும்பங்களின் நகைகளைக் குறிவைத்து நடக்கும் கொள்ளைகள் பற்றிப் போலீஸே எச்சரிக்கும் நாட்டில், இது ஓர் உறுதிமொழியாகவே வர வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

தடயவியலின் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தக்கது. டிஎன்ஏ சோதனையில் உலகுக்கே வழிகாட்டிய அமைப்பு இங்கிலாந்தின் அரசுத் தடயவியல் சேவை. மாதம் 20 லட்சம் பவுண்டு நஷ்டம் என்று காரணம் காட்டி 2010 டிசம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்து, 2012 மார்ச்சோடு மூடினார்கள். வேலை தனியார் நிறுவனங்களுக்கும் படைகளின் சொந்த ஆய்வகங்களுக்கும் போனது. ஆனால் அந்த நிறுவனங்களின் முக்கிய வாடிக்கையாளரான போலீஸிடமே பணம் குறைந்துகொண்டிருந்தது. 2017-இல் மான்செஸ்டரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் சோதனை முடிவுகள் திருத்தப்பட்டது அம்பலமாகி, 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. போதையில் வண்டி ஓட்டியதாகத் தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகள் ரத்தாயின. 2018 ஜனவரியில் இன்னொரு தடயவியல் நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்தது. அதன் கையில் இருந்த வழக்குப் பொருட்களைக் காப்பாற்ற, போலீஸே அவசரமாகப் பணம் போட வேண்டியிருந்தது. ஏட்டில் மிச்சமான பணம் எவ்வளவு, மறுவிசாரணைக்கும் மறுசோதனைக்கும் போனது எவ்வளவு என்று ஒரே தாளில் யாரும் கூட்டிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் போலீஸின் வேலை குறையவில்லை, கூடியது. மனநலச் சேவைகளும் சுருங்கியதால், இரவில் தற்கொலை எண்ணத்தோடு பாலத்தில் நிற்பவரிடம் போவதும், ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும்வரை அவரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் காவலர் வேலையானது. ஹம்பர்சைட் போலீஸ் 2020-இல், உயிருக்கு ஆபத்தோ குற்றமோ இல்லாத அழைப்புகளுக்கு மருத்துவத் துறைதான் போக வேண்டும் என்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2023-இல் அது நாடு முழுவதற்கும் ஆனது. காவலர்களின் நேரம் மிச்சமானது. மறுமுனையில் மனநலச் சேவைக்கு அதற்கேற்ற பணம் போய்ச் சேர்ந்ததா என்பதே அங்கே இன்னும் நடக்கும் வாக்குவாதம்.

2019 ஜூலையில் பிரதமரான போரிஸ் ஜான்சன் 20,000 காவலர்களைப் புதிதாக எடுப்பேன் என்றார். முந்தைய ஒன்பது ஆண்டுகளில் அவருடைய கட்சி ஆட்சியில் குறைந்த எண்ணிக்கையும் ஏறத்தாழ அதுவே. 2023 மார்ச்சில் இலக்கைத் தாண்டிவிட்டார்கள். மொத்த அதிகாரிகள் 1,49,572, அதுவரையான வரலாற்றிலேயே அதிகம். அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? அப்போது மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோருக்கு ஐந்து ஆண்டு அனுபவம் கூட இருக்கவில்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் முன்பே ஓய்வில் அனுப்பப்பட்டவர்கள். கொலை விசாரணையில் சாட்சியிடம் எப்போது பேசாமல் இருக்க வேண்டும், குடும்ப வன்முறை நடந்த வீட்டில் யாரை முதலில் தனியாக அழைத்துப் பேச வேண்டும் என்பதெல்லாம் வகுப்பில் பாதிதான் வரும். மீதி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மூத்தவரிடமிருந்து வருவது. ஆளை மூன்று ஆண்டில் எடுக்கலாம், பதினைந்து ஆண்டு அனுபவசாலியை எடுக்கப் பதினைந்து ஆண்டு ஆகும்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அதிகாரிகளின் எண்ணிக்கை இலக்குக்குக் கீழே போனால் மானியம் குறையும் என்று நிபந்தனை வைத்தார்கள். ஆகவே பணம் போதாத படைகள் சிவில் ஊழியர்களைக் குறைத்துவிட்டு, அந்த மேசையில் சீருடை அணிந்தவரை உட்கார வைத்தன. ஒரு கணக்காளரோ தகவல் பகுப்பாய்வாளரோ குறைந்த சம்பளத்தில் சிறப்பாகச் செய்யும் வேலையை, கைது அதிகாரம் உள்ள ஒருவர் செய்தார். தலை எண்ணிக்கை சரியாக இருந்தது, தெருவில் ஆள் இல்லை.

2025 ஏப்ரலில் லண்டன் மாநகரப் போலீஸ் அடுத்த சுற்றை அறிவித்தது. 26 கோடி பவுண்டு பற்றாக்குறை, 1,700 அதிகாரிகளும் ஊழியர்களும் குறைவார்கள். ராயல் பூங்காக்களுக்கென்று இருந்த தனிப் பிரிவைக் கலைப்பதாகவும், பள்ளிகளில் இருந்த காவலர்களை வேறு பணிக்கு மாற்றுவதாகவும் சொன்னது. தெருவுக்கு வரும் அணிகளைக் காப்பாற்றுவதாகச் சொன்ன அதே திட்டத்தில், வெட்டு விழும் பிரிவுகளில் தடயவியலும் பழைய வழக்குகளை விசாரிக்கும் குழுவும் இருந்தன.